சொந்தக் கொடிக்குக் காத்திருந்த வீராங்கனை: மஜ்லிண்டா கெல்மெண்டியும் கொசோவோவின் ஐந்து பதக்கங்களும்

ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் கொசோவோ என்ற பெயரைத் தேடிப் பார்ப்பவர்கள் நம்மில் குறைவு. ஆனால், அந்தப் பெயருக்கு நேராக இருக்கும் எண்களைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 2016 ரியோ தொடங்கி 2024 பாரிஸ் வரை மூன்றே ஒலிம்பிக் போட்டிகள். அவற்றில் கொசோவோ வென்றவை மூன்று தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். ஐந்தும் ஜூடோ விளையாட்டில் கிடைத்தவை. ஐந்தையும் வென்றவர்கள் பெண்கள்.

அந்த நாட்டின் பரப்பளவு 10,887 சதுர கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. மலேசியாவோ 1956 மெல்பர்ன் போட்டியில் மலாயா என்ற பெயரில் களமிறங்கிய காலம் முதல் பாரிஸ் வரை 8 வெள்ளி, 7 வெண்கலம் என 15 பதக்கங்களை வென்றுள்ளது. முதல் தங்கத்திற்கு இன்னும் காத்திருக்கிறோம். அதற்காகவே 2023-இல் 'தங்கத்தை நோக்கி' என்று ஒரு சிறப்புத் திட்டமும் தொடங்கப்பட்டது.

பணமும் அரங்கமும் நம்மைவிடக் குறைவாக உள்ள ஒரு நாடு இதை எப்படிச் சாதித்தது? இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் மஜ்லிண்டா கெல்மெண்டி.

போர் முடிந்த ஊரில் ஒரு பயிற்சிக்கூடம்

கெல்மெண்டி பிறந்தது 1991 மே 9-ஆம் தேதி, மேற்குக் கொசோவோவில் மலையடிவாரத்தில் இருக்கும் பெயா நகரில். அப்போது அந்த ஊர் யுகோஸ்லாவியாவில் இருந்தது. அதே ஆண்டில்தான் அந்தக் கூட்டாட்சி உடையத் தொடங்கியது. கொசோவோவில் பெரும்பான்மையினரான அல்பேனியர்களுக்கும் செர்பிய அரசாங்கத்துக்கும் இடையிலான பகை 1998-இல் முழுப்போராக வெடித்தது. 1999 மார்ச் 24 முதல் ஜூன் 10 வரை நேட்டோ குண்டு வீசியது. லட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து ஓடினார்கள். பெயா நகரின் பெரும்பகுதி எரிந்து நாசமானது.

அந்தப் போர் முடிந்த காலத்தில் கெல்மெண்டிக்கு வயது எட்டு. அப்போதுதான் அவர் ஜூடோ பயிலத் தொடங்கினார். பயிற்சி தந்தவர் டிரித்தோன் கூக்கா. அவரும் ஒரு முன்னாள் ஜூடோ வீரர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்தான் அவருடைய கனவு. நாடு உடைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அது கைகூடவில்லை. தனக்குக் கிடைக்காத வாய்ப்பைத் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அவர் பெயாவிலேயே தங்கிவிட்டார். ஜூடோவில் ஒரே வீச்சில் வெற்றியைத் தரும் முழுப்புள்ளிக்கு 'இப்போன்' என்று பெயர். அவருடைய மன்றத்தின் பெயரும் அதுதான்.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்த ஊரில் நிவாரணப் பொருள்கள் வரும், வீடு கட்டப் பணம் வரும். ஜூடோ பயிற்சிக்கென்று யாரும் பணம் தரமாட்டார்கள். அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு, விளையாட்டுப் பள்ளி கட்டி, அதிலிருந்து கெல்மெண்டி வரவில்லை. ஒரு பயிற்றுநர், ஒரு கூடம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர். தொடக்கத்தில் இருந்தது அவ்வளவுதான்.

ஏன் ஜூடோ?

ஜூடோ 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ தோற்றுவித்த கலை. எதிராளியின் உடையைப் பிடித்து, அவருடைய நிலையைக் குலைத்து, முதுகு தரையில் படும்படி வீழ்த்துவதுதான் இதன் அடிப்படை. தரையில் அமுக்கிப் பிடித்தும், கைமூட்டைப் பூட்டியும்கூட வெற்றி பெறலாம்.

பெண்களுக்கு இந்தக் களம் எளிதில் திறக்கவில்லை. ஆண்களுக்கான ஜூடோ 1964 தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1980-இல்தான் நியூயார்க்கில் நடந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அது காட்சிப் போட்டியாக மட்டும் இடம்பெற்றது. முழுமையான பதக்கப் போட்டியாக மாறியது 1992-இல். கெல்மெண்டி பிறந்து ஓராண்டுக்குப் பிறகு!

சிறிய நாடு ஒன்றுக்கு ஜூடோ ஏன் பொருத்தமாக அமைகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு என 14 தனிநபர் எடைப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். ஆக மொத்தம் 56 தனிநபர் பதக்கங்கள். ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போட்டியிட முடியும். ஜப்பானிடம் உலகத்தரத்தில் பத்துப் பேர் இருந்தாலும் ஒருவர்தான் வருவார். மேலும், எடை வாரியாகப் போட்டி நடப்பதால், உயரமும் உடல்வாகும் பெரிதாக இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. நீச்சல் குளம் வேண்டாம், விலை உயர்ந்த மிதிவண்டி வேண்டாம். விரிப்பும் உடையும் நல்ல பயிற்றுநரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

தொடங்குவதற்குத்தான் இது போதும். உச்சத்தைத் தொட இது போதாது. அங்கேதான் கெல்மெண்டிக்கு உண்மையான சோதனை காத்திருந்தது.

திறமை இருந்தது, கொடி இல்லை

2009-இல் பாரிசில் நடந்த உலக இளையோர் போட்டியில் 52 கிலோ பிரிவில் கெல்மெண்டி தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 18 வயது. அதற்கு முந்தைய ஆண்டு, 2008 பிப்ரவரி 17-ஆம் தேதி, கொசோவோ தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்திருந்தது. அமெரிக்காவும் பல ஐரோப்பிய நாடுகளும் அதை அங்கீகரித்தன. மலேசியாவும் 2008 அக்டோபர் 30-ஆம் தேதி அங்கீகரித்தது. ஆனால் செர்பியா ஏற்கவில்லை. ரஷ்யாவும் சீனாவும் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து நாடுகள் ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் மன்றத்தில் கொசோவோவுக்கு இன்றுவரை இடமில்லை.

இதெல்லாம் தூதரகங்கள் பேசித் தீர்க்கவேண்டிய சங்கதி என்று நாம் நினைப்போம். ஆனால் அதன் விளைவு ஓர் இளம்பெண்ணின் முதுகுப்பட்டையில் வந்து நின்றது. ஜூடோ உடையின் முதுகில் போட்டியாளரின் பெயரும் அதன் கீழே நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடும் இருக்கும். கெல்மெண்டியின் முதுகில் எந்த மூன்றெழுத்தை எழுதுவது?

2012 லண்டன் ஒலிம்பிக் நெருங்கியது. அப்போது கொசோவோவின் ஒலிம்பிக் குழுவை அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் அங்கீகரித்திருக்கவில்லை. எந்த நாட்டையும் சாராத தனி விளையாட்டாளராக, ஒலிம்பிக் கொடியின்கீழ் போட்டியிட அனுமதிக்கும்படி கெல்மெண்டி தரப்பு கேட்டது. மன்றம் மறுத்துவிட்டது. அவருக்கு அல்பேனியக் குடியுரிமையும் இருந்ததால் அந்த நாட்டுக்காக விளையாடலாம் என்பது நிலைப்பாடு. அதே லண்டன் போட்டியில் நெதர்லாந்து அந்தீல்சைச் சேர்ந்த மூவரும் தென்சூடானைச் சேர்ந்த ஒருவரும் தனி விளையாட்டாளர்களாகக் களமிறங்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

ஆகவே கெல்மெண்டி அல்பேனியாவுக்காகப் போட்டியிட்டார். மொரீஷியசின் கிறிஸ்டியான் லெஜெந்திலிடம் தொடக்கச் சுற்றுகளிலேயே தோற்றுப்போனார். அந்தத் தோல்விக்குக் கொடிதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜூடோவில் ஒரு கணம் பிடி தளர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால், நான்காண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்புக்கு முன்னால், எந்த நாட்டின் பெயரில் நிற்பது என்பதற்கே ஒரு விளையாட்டாளர் போராட வேண்டியிருந்தது என்பது மட்டும் உண்மை.

இந்த இடத்தில் அவர் வேறொரு பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். பணவசதி படைத்த சில நாடுகள் தங்களுக்காக விளையாடும்படி அவரை அழைத்ததாகச் செய்திகள் வந்தன. விளையாட்டு உலகில் இது புதிதல்ல. குடியுரிமை, மாதச் சம்பளம், நவீன பயிற்சி வசதி எல்லாம் கிடைக்கும். கெல்மெண்டி பெயாவிலேயே இருந்தார். பயிற்றுநரையும் மாற்றவில்லை.

இரண்டு உலகப் பட்டங்கள், இரண்டு கொடிகள்

அனைத்துலக ஜூடோ சம்மேளனம் 2012-இல் கொசோவோவை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஒலிம்பிக் மன்றம் முடிவெடுக்கத் தயங்கிய நேரத்தில் ஒரு தனி விளையாட்டின் சம்மேளனம் முந்திக்கொண்டது. இதன் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது.

2013-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டம். எதிரே நின்றவர் பிரேசிலின் எரிக்கா மிராண்டா. அரங்கம் முழுவதும் அவருடைய ஆதரவாளர்கள். கெல்மெண்டி அவரை வீழ்த்தித் தங்கம் வென்றார். கொசோவோ என்ற பெயரில் வெல்லப்பட்ட முதல் உலக ஜூடோ பட்டம் அது.

2014-இல் உலகப் போட்டி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் நடந்தது. ரஷ்யா கொசோவோவை அங்கீகரிக்காத நாடு. எனவே நடப்பு உலக வெற்றியாளரான கெல்மெண்டி தன் நாட்டுக் கொடியின்கீழ் விளையாட முடியவில்லை. அனைத்துலக ஜூடோ சம்மேளனத்தின் கொடியின்கீழ்தான் களமிறங்கினார். இறுதியாட்டத்தில் ருமேனியாவின் அந்திரேயா கித்சுவை வென்று மீண்டும் தங்கம். மேடையில் ஏறியது கொசோவோக்காரர். மேலே ஏறியது சம்மேளனத்தின் கொடி.

விளையாட்டில் அரசியல் கலக்கக்கூடாது என்று அடிக்கடி சொல்லப்படுவதைக் கேட்கிறோம். கெல்மெண்டியின் வாழ்க்கையைப் பார்த்தால், அப்படிச் சொல்வது யாருக்கு எளிது என்ற கேள்வி எழுகிறது. நாட்டின் கொடி எப்போதும் பறக்கும் என்ற உறுதி உள்ளவர்களுக்கு அது எளிது. கொடியே கேள்விக்குறியாக இருப்பவர்களுக்கு, வெறுமனே விரிப்பின்மேல் ஏறி நிற்பதே அரசியலாகிவிடுகிறது. அவர்கள் அதை விரும்பிக் கேட்கவில்லை.

கடைசியில் 2014 டிசம்பர் 9-ஆம் தேதி அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் கொசோவோவுக்கு முழு அங்கீகாரம் வழங்கியது. செர்பியாவின் எதிர்ப்பையும் மீறி இந்த முடிவு வந்தது. 2016 மே மாதத்தில் காற்பந்துச் சம்மேளனங்களும் கொசோவோவைச் சேர்த்துக்கொண்டன.

ரியோ: வார்த்தை இல்லாத தேசிய கீதம்

2016 ரியோ ஒலிம்பிக்கில் கொசோவோ எட்டு விளையாட்டாளர்களை அனுப்பியது. தொடக்க விழாவில் கொடி ஏந்தியவர் கெல்மெண்டி. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட்டு 7-ஆம் தேதி, 52 கிலோ பிரிவின் ஆட்டங்கள் நடந்தன.

அரையிறுதியில் ஜப்பானின் மிசாத்தோ நாக்கமுரா. மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். அவரைக் கடந்து இறுதிக்கு வந்த கெல்மெண்டி, இத்தாலியின் ஓடெட் ஜூஃப்ரிடாவைச் சந்தித்தார். எதிராளியின் தோளுக்கு மேலே கையைப் போட்டு முதுகுப்பக்க உடையை இறுகப் பிடிப்பது கெல்மெண்டியின் முத்திரைப் பிடி. அந்தப் பிடி விழுந்துவிட்டால் எதிராளிக்கு நிமிர்ந்து நிற்கவே இடமிருக்காது. 'யூக்கோ' என்ற சிறு புள்ளி ஒன்றின் முன்னிலையில் அந்த ஆட்டம் முடிந்தது. கொசோவோவின் முதல் ஒலிம்பிக் போட்டி, முதல் பதக்கம், அதுவும் தங்கம்.

கொசோவோவின் தேசிய கீதத்துக்கு 'ஐரோப்பா' என்று பெயர். அதற்கு வரிகள் கிடையாது. அல்பேனியர், செர்பியர், துருக்கியர் எனப் பல இனத்தவர் வாழும் நாட்டில் எந்த மொழியில் எழுதினாலும் ஒரு தரப்பு மனம் நோகும் என்பதால் வெறும் இசையாகவே வைத்தார்கள். கொடியில் உள்ள ஆறு நட்சத்திரங்களும் ஆறு இனங்களைக் குறிப்பவை. ரியோவின் மேடையில் கெல்மெண்டி நின்றபோது பாடுவதற்கு வார்த்தை இல்லை. அவர் அழுதார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 2014, 2016, 2017, 2019 என நான்கு முறை ஐரோப்பிய வெற்றியாளர் ஆனார். 2019-இல் தோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

தோற்ற நாளின் இருபுறமும் தங்கம்

2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததுதான், என் பார்வையில், கெல்மெண்டியின் கதையிலேயே முக்கியமான பகுதி. அது அவருடைய தோல்வி.

ஜூலை 24-ஆம் தேதி 48 கிலோ பிரிவு. கொசோவோவின் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி இறுதியாட்டத்தில் ஜப்பானின் ஃபூனா தோனாக்கியை அவருடைய சொந்த மண்ணிலேயே வென்று தங்கம் பெற்றார். ஜூலை 25-ஆம் தேதி 52 கிலோ பிரிவு. ஒலிம்பிக் நடப்பு வெற்றியாளரான கெல்மெண்டி முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரியின் ரேக்கா பூப்பிடம் தோற்று வெளியேறினார். ஜூலை 26-ஆம் தேதி 57 கிலோ பிரிவு. கொசோவோவின் நோரா ஜாக்கோவா பிரான்சின் சாரா லியோனி சிசிக்கை இறுதியில் சந்தித்துத் தங்கம் வென்றார்.

ஜாக்கோவா 2016 ரியோவுக்கும் சென்றவர். அங்கே பதக்கமின்றித் திரும்பியவர். கிராஸ்னிச்சியும் அவரும் பயிற்சி பெற்றது அதே கூக்காவிடம்.

ஒரு நாட்டின் விளையாட்டு ஒரே ஒருவரை நம்பி இருந்தால், அவர் தோற்கும் நாளில் எல்லாம் முடிந்துவிடும். கொசோவோவில் அப்படி முடியவில்லை. நட்சத்திரம் விழுந்த நாளுக்கு முந்தின நாளும் மறுநாளும் தங்கம் வந்தது. தினமும் உலக வெற்றியாளர் ஒருவருடன் பிடித்துப் பழகியவர்களுக்கு வேறு யாரைக் கண்டும் பயம் இருக்காது. கெல்மெண்டி தனக்காக வென்ற பதக்கங்களைவிட, அந்தக் கூடத்தில் அவர் உயர்த்தி வைத்த தரம்தான் பெரிய சொத்து.

தோக்கியோவுக்குப் பிறகு அவர் போட்டிகளிலிருந்து விலகிப் பயிற்றுநரானார். 2024 பாரிசில் கிராஸ்னிச்சி எடைப் பிரிவு மாறி, கெல்மெண்டியின் பழைய 52 கிலோ பிரிவில் போட்டியிட்டார். உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவாவிடம் இறுதியில் தோற்று வெள்ளி பெற்றார். லவுரா ஃபஸ்லியு 63 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ரியோவிலும் தோக்கியோவிலும் தங்கம் வென்ற மூவருடன் நான்காவதாக ஒரு பெயரும் சேர்ந்தது.

பதக்கம் மாற்றாதவை

இந்த வெற்றிக்கதையைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகும் கொசோவோ மக்களின் அன்றாடச் சிக்கல்கள் தீரவில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் செல்லும் உரிமை கொசோவோ குடிமக்களுக்குக் கிடைத்தது 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான். ரியோ தங்கத்துக்கும் அதற்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்கும் மேல். ஜூடோவில் ஒலிம்பிக் வாய்ப்பு உலகத் தரவரிசைப் புள்ளிகளை வைத்தே முடிவாகிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்க்க நாடு நாடாகப் பறந்து போட்டியிட வேண்டும். விசாவுக்கு வரிசையில் நிற்கும் நாட்டுப் பிள்ளைக்கும், கடப்பிதழை நீட்டியதும் கதவு திறக்கும் நாட்டுப் பிள்ளைக்கும் அது ஒரே ஓட்டப்பந்தயம் அல்ல.

பெண்களின் நிலையும் அப்படித்தான். ஐந்து பதக்கங்களையும் பெண்கள் கொண்டுவந்த அதே நாட்டில், வேலைக்குச் செல்லும் பெண்களின் விகிதம் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவானவற்றுள் ஒன்று. குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பது சட்டத்தில் இருந்தாலும் வழக்கத்தில் பல வீடுகளில் இல்லை. மேடையில் நிற்கும் நான்கு பெண்களைப் பார்த்துக் கைதட்டுவதும், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு உரியதைக் கொடுப்பதும் வேறு வேறு காரியங்கள். இது கொசோவோவுக்கு மட்டும் உரிய குறை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்று, இந்த மாதிரி ஏற்பாடு ஒரு மனிதரை மிகவும் நம்பியிருக்கிறது. கூக்கா என்ற ஒருவர் வெளிநாடு சென்றிருந்தால், அல்லது பத்தாண்டில் சோர்ந்துபோயிருந்தால், இந்தப் பட்டியல் வெறுமையாக இருந்திருக்கும். நல்ல மனிதர் ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம். அதை ஒரு நாட்டின் கொள்கை என்று சொல்ல முடியாது. அவருக்குப் பின் கெல்மெண்டி பயிற்றுநராக வந்திருப்பதுதான் இங்கே நம்பிக்கை தரும் செய்தி. அறிவு ஒருவரோடு நின்றுவிடாமல் அடுத்த கைக்கு மாறியிருக்கிறது. 2030-இல் மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டியைக் கொசோவோவின் தலைநகர் பிரிஸ்டினா ஏற்று நடத்தவிருக்கிறது. ஒரு காலத்தில் பிறர் மண்ணில் கொடி கிடைக்காமல் நின்றவர்கள், தங்கள் மண்ணில் பிறர் கொடிகளை ஏற்றப்போகிறார்கள்.

நாம் எதைக் கணக்கிட வேண்டும்?

கொசோவோவின் கதையைப் படித்துவிட்டு, நாமும் ஜூடோ தொடங்கலாம் என்ற முடிவுக்கு வருவதில் பயனில்லை. ஒவ்வொரு நாட்டின் சூழலும் வேறு. நமக்கு நாட்டின் பெயரில் சிக்கல் இல்லை, கொடியில் சிக்கல் இல்லை, கடப்பிதழிலும் சிக்கல் இல்லை. அரங்கங்களும் இருக்கின்றன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கராத்தே, தைக்வாண்டோ, சிலம்பம் என்று ஏதாவது ஒரு தற்காப்புக் கலை வகுப்பு நடக்கிறது. ஆண்டு இறுதியில் பெண் பிள்ளைகள் கோப்பையும் சான்றிதழுமாக நிற்கும் படங்கள் நம் பத்திரிகைகளில் வராத வாரமில்லை.

கேள்வி அதற்குப் பிறகு வருகிறது. அந்தப் படத்தில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இடைநிலைப்பள்ளி முடியும்வரை பயிற்சியைத் தொடர்கிறார்கள்? பிள்ளை பெரிய மனுஷி ஆனதும், தேர்வு நெருங்கியதும், பயிற்றுநர் வேறு ஊருக்கு மாறியதும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய்வர வண்டி இல்லாமல் போனதும் பாதியில் நின்றுவிடுவது நாம் அறிந்ததுதான். கெல்மெண்டி எட்டு வயதில் தொடங்கியவர். உலக இளையோர் பட்டம் வெல்லப் பத்தாண்டு ஆனது. ஒலிம்பிக் தங்கத்துக்குப் பதினேழாண்டு ஆனது. நடுவில் போரின் அழிவு இருந்தது, லண்டன் தோல்வி இருந்தது, கொடியில்லாத மேடை இருந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் மாறாமல் இருந்தவை இரண்டுதான்: ஒரே கூடம், ஒரே பயிற்றுநர்.

நம் சமூகத்தில் கூக்காவைப் போன்றவர்கள் இல்லாமலில்லை. மாலை வேளையில் மண்டபத்தின் பின்கட்டில், கோயில் வளாகத்தில், பள்ளித் திடலில் பத்திருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயிற்சி தருபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கட்டணம் கொடுக்க முடியாத பிள்ளையையும் திருப்பி அனுப்பாதவர்கள் அவர்களில் பலர். பதக்கம் வந்தபின் மாலை போட நாம் வரிசையில் நிற்போம். ஆனால் அந்தப் பயிற்றுநரின் கூடத்துக்கு வாடகை கட்டவும், விரிப்பு வாங்கவும், பதினைந்து வயதுப் பெண் பிள்ளையை இரவு எட்டு மணிக்குப் பாதுகாப்பாக வீட்டில் கொண்டுபோய் விடவும் யார் பொறுப்பேற்கிறார்கள்? இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் ஆண்டுக் கணக்கில் பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்குவதையும் பயிற்சிக்கு ஒதுக்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

பெயா நகரில் 1999-இல் யாரிடமும் பெரிய திட்டம் எதுவும் இருக்கவில்லை. எரிந்த ஊரில், மாலையானால் ஒரு கூடத்தின் கதவு திறந்திருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதற்குள் சென்றாள். மறுநாளும் அந்தக் கதவு திறந்திருந்தது.